நிஜாமுதீன் நடை: எல்லாம் காட்டினார்கள், அடுப்படியைத் தவிர

தில்லி நிஜாமுதீன் பஸ்தியில் வியாழக்கிழமை சாயங்காலம் நடத்தப்படும் ஒரு "சூஃபி நடை"க்குப் போய்வந்தோம். தலைக்கு 700 ரூபாய், இரண்டரை மணி நேரம், கடைசியில் கவ்வாலியும் கபாபும். நடத்துகிறவர்கள் பெயரை எழுதப்போவதில்லை. எங்களைக் கூட்டிக்கொண்டு போன பையன் நல்ல பையன், படிப்பு முடித்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது, இதைப் படித்துவிட்டு யாராவது அவன் வேலையில் கைவைத்தால் எனக்குத் தூக்கம் வராது. தவிரவும் இந்த மாதிரி நடைகள் ஊரில் நிறைய இருக்கின்றன, பெரும்பாலும் ஒரே பாதை, ஒரே கதை. எதில் பதிவு செய்தாலும் நான் சொல்லப்போவது உங்களுக்கு உதவும்.

கூட வந்தது சித்தி. அவளுக்கு நாகப்பட்டினம். கல்யாணம் ஆகி அந்த ஊருக்குப் போன நாளிலிருந்து நாகூர் தர்காவின் ஒரு கந்தூரி விழாவையும் விட்டதில்லை, பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்திலேயே நாகூர் மினாரா படம் இருக்கும். தில்லிக்கு என்னிடம் பத்து நாள் தங்க வந்தவள் குதுப்மினார் வேண்டாம், செங்கோட்டை வேண்டாம், முட்டி வலிக்குது என்று எல்லாவற்றையும் தட்டிக்கழித்துவிட்டு, "ரயில்வே ஸ்டேஷனுக்கே பேர் வெச்சிருக்காங்களேடி, அந்தப் பெரியவரு தர்கா எங்க இருக்கு?" என்று அவளாகவே கேட்டாள். சரி, இதுதான் சாக்கு என்று இரண்டு சீட்டு போட்டுவிட்டேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். கவிஞர் காலிப் கல்லறை வாசலில் பதினான்கு பேரைக் கூட்டி, ஆளுக்கொரு ஹெட்செட் கொடுத்தார்கள். என்னுடையதில் பொரிகடலை வறுக்கிற சத்தம் மட்டும்தான் வந்தது. சித்தியுடையது கணீரென்று வேலை செய்தது, ஆனால் அவளுக்கு இங்கிலீஷும் தெரியாது இந்தியும் தெரியாது. கடைசியில் அவளுடையதை நான் மாட்டிக்கொண்டு, கேட்டதைத் தமிழில் அவளுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன். மாற்று ஹெட்செட் கேட்டதற்கு எல்லாம் தீர்ந்துவிட்டது என்றார்கள். 700 ரூபாய்க்கு இது கொஞ்சம் அதிகம்.

சௌன்சட் கம்பாவின் அறுபத்து நான்கு பளிங்குத் தூண்களைப் பார்த்துவிட்டுப் படிக்கிணற்றுக்குப் போனோம். இங்கே பையன் பிரமாதப்படுத்திவிட்டான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1321 வாக்கில், இந்தத் தர்காவில் அடங்கியிருக்கும் சூஃபிப் பெரியவர் ஷேக் நிஜாமுதீன் அவ்லியா இந்தக் கிணற்றை வெட்டத் தொடங்கியபோது சுல்தான் கியாசுதீன் துக்ளக் தன் புதுக் கோட்டை துக்ளகாபாத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். கூலியாட்கள் பகலில் கோட்டைக்கும் இரவில் கிணற்றுக்கும் வேலை செய்தார்கள். சுல்தான் கோபத்தில் விளக்கெண்ணெய் விற்கவே தடை போட்டார். கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி விளக்கேற்றினார்கள், அது எரிந்தது. இது ஐதீகம்தான். ஆனால் அந்தப் பச்சைத் தண்ணீருக்கு மேல் குனிந்து நின்றுகொண்டு, வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கேட்கும்போது நம்பத் தோன்றுகிறது. அப்புறம் எல்லோருக்கும் தெரிந்த அந்த வசனம், போரிலிருந்து திரும்பும் சுல்தான் ஷேக்கை ஊரைவிட்டுப் போகச் சொல்லி ஆளனுப்ப, "தில்லிக்கு இன்னும் தூரம் இருக்கிறது" என்று அவர் சொன்னாராம். 1325இல் ஊருக்கு வெளியே அஃப்கான்பூரில் வரவேற்புக்குப் போட்ட மண்டபம் சரிந்து சுல்தான் செத்தது மட்டும் வரலாறு. அதே வருஷம் ஷேக்கும் போய்ச் சேர்ந்தார், அவருடைய செல்லச் சீடர் அமீர் குஸ்ரோவும் போய்ச் சேர்ந்தார்.

சித்தி இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னது: "கூலிக்காரன் ராத்திரி வந்து வேல செஞ்சான்னா சும்மா வரமாட்டான்டி. சோறு போட்டிருப்பாங்க. எங்க போட்டாங்கன்னு கேளு."

கேட்டேன். பையன் ஒரு நிமிஷம் திருதிருவென்று விழித்துவிட்டு, "லங்கர் இன்றும் நடக்கிறது மேடம்" என்று (லங்கர் என்றால் இலவசச் சாப்பாடு) சொல்லி அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டான். இந்த நடையைப் பற்றி எனக்கு இருக்கிற மொத்த வருத்தமும் அந்த ஒரு நிமிஷத்தில் அடங்கிவிட்டது. சூஃபி என்றால் காதல், சூஃபி என்றால் சுழன்று ஆடுவது, சூஃபி என்றால் "தன்னை மறத்தல்", இப்படியே இரண்டரை மணி நேரம். அந்தக் காலத்து ஜனங்கள் எதற்காக இவர் வாசலில் வந்து நின்றார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. தன்னை மறக்க வந்தவர்கள் சிலர் இருந்திருப்பார்கள். பசிக்கு வந்தவர்கள், கடனுக்கு வந்தவர்கள், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று வந்தவர்கள், அதிகாரிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று வந்தவர்கள், தாயத்துக்கு வந்தவர்கள்தான் நிறைய.

ஷேக் வாழ்ந்த இடத்தை அப்போது கியாஸ்பூர் என்பார்கள், யமுனைக் கரையில் ஒரு சிற்றூர். சிஷ்திகள், அதாவது இவருடைய சூஃபிப் பிரிவினர், தங்கள் மடத்தை ஜமாஅத் கானா என்றார்கள். பெயர் பெரிதே ஒழிய அது ஒரே ஒரு பெரிய கூடம். சீடர்கள், வழிப்போக்கர்கள், படிக்க வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கூடத்துத் தரையில்தான் படுப்பது, தொழுவது, சாப்பிடுவது. ஷேக்குக்கு மட்டும் மாடியில் சின்னதாக ஓர் அறை. அந்தக் கட்டடத்தின் மிச்சம் என்று சொல்லப்படும் சில்லா கானா ஹுமாயூன் கல்லறைக்குப் பின்பக்கம் இப்போதும் இருக்கிறது. நடையில் அது இல்லை! அடக்கமான இடத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறோம், அவர் ஜனங்களைப் பார்த்த இடத்துக்கு யாரும் கூட்டிப்போவதில்லை.

அந்தக் கூடம் எப்படி நடந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். சிஷ்திகளுக்கு நிலம் கிடையாது, மானியம் கிடையாது, அரசுச் சம்பளம் கிடையாது. யாராவது கேட்காமலே கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு ஃபுதூஹ் என்று பெயர். வந்தது அன்றே போக வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகைக்குப் போகும் முன் களஞ்சியத்தைக் காலி செய்து பெருக்கிவிடச் சொல்வாராம் நிஜாமுதீன். ஆயிரம் பேர் சாப்பிடுகிற வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை அரிசிப் பானையைக் கவிழ்த்து வைப்பதென்றால், அடுத்த நாள் யாராவது கொண்டுவருவார்கள் என்ற தைரியம் எவ்வளவு வேண்டும். எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தில் மூன்று மாத நிதி முன்கூட்டி இல்லையென்றால் பொருளாளருக்கு நெஞ்சு வலி வந்துவிடுகிறது.

அந்தத் தைரியம் அவருக்குக் குருவிடமிருந்து வந்தது. குரு பாபா ஃபரீத், இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கும் அஜோதனில் வாழ்ந்தவர், 1265இல் மறைந்தார். அங்கே சில நாள் டேலா என்ற காட்டுக்காய்தான் சாப்பாடே. ஒரு சீடர் விறகு வெட்டிவருவார், ஒருவர் காய் பறித்துவருவார், ஒருவர் தண்ணீர் தூக்கிப் பாத்திரம் கழுவுவார், இளைஞராக இருந்த நிஜாமுதீனுக்கு அடுப்படி வேலை, காயை வேகவைக்க வேண்டும். ஒரு நாள் உப்பு இல்லை. பக்கத்து மளிகைக்கடையில் கடனாகக் கொஞ்சம் உப்பு வாங்கிப் போட்டுவிட்டார். ஃபரீத் பாத்திரத்தில் கைவைத்தார், கை கனக்கிறது என்று எடுத்துவிட்டார், உப்பு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். கடன் என்று தெரிந்ததும் ஃபக்கீர் பட்டினியாகச் சாகலாம், நாக்கு ருசிக்குக் கடன் படலாகாது என்று சாப்பாட்டையே எடுத்துவிடச் சொன்னார். இதை நான் சித்தியிடம் சொன்னபோது அவள் பக்கம் வேறாக இருந்தது: "உப்பில்லாம வெறுங்காய எப்படிடி திங்கிறது, அந்தப் பையன் பாவம்."

சித்தி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எல்லா தரீக்காவும், அதாவது சூஃபிப் பிரிவும், இப்படிக் கடுமையாக இருக்கவில்லை. முல்தானில் இருந்த சுஹ்ரவர்திகள் நேர்மாறு. 1262இல் மறைந்த பஹாவுதீன் ஸக்கரியாவின் மடத்தில் தானியக் குதிர்கள் நிரம்பியே இருந்தன. முல்தானில் பஞ்சம் வந்தபோது ஊர் ஆளுநரே அவரிடம் தானியம் கேட்டு நின்றார். அரசனோடு சேர்ந்திருந்தால்தான் அரசனிடம் காரியம் ஆகும் என்பது அவர்கள் கட்சி. அவர் பேரன் ருக்னுதீன் தில்லி தர்பாருக்குப் போகும்போதெல்லாம் வழியில் பல்லக்கை அங்கங்கே நிறுத்துவாராம். கஷ்டப்பட்டவர்கள் தங்கள் மனுக்களை உள்ளே போடுவார்கள். பல்லக்கு மனுக்களால் நிரம்பி அரண்மனைக்குள் போகும், சுல்தான் அவற்றைப் படித்துப் பார்த்து உத்தரவு போட்ட பிறகுதான் ருக்னுதீன் எழுந்திருப்பார். கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள் மாதிரி, ஆனால் கலெக்டர் வீட்டுக்கே மனு போய்ச் சேர்ந்துவிடும். இதே ருக்னுதீனும் நிஜாமுதீனும் ஒருவரை ஒருவர் மதித்த நண்பர்கள் என்பது கூடுதல் அழகு.

சிஷ்திகள் சிபாரிசே செய்யமாட்டார்கள் என்றும் இல்லை. பாபா ஃபரீத் ஒருவருக்காக, பின்னாளில் சுல்தானான பல்பனுக்கு எழுதிய சிபாரிசுக் கடிதம் ஒன்றைப் பற்றிச் சொல்வார்கள். இவர் காரியத்தை முதலில் இறைவனிடம் வைத்தேன், அப்புறம் உன்னிடம் வைக்கிறேன், கொடுத்தால் கொடுத்தவன் அவன், நன்றி மட்டும் உனக்கு. கொடுக்காவிட்டால் தடுத்தவன் அவன், உன்மேல் குற்றமில்லை. இப்படி ஒரு சிபாரிசை வாங்கிக்கொண்டு போனவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். எனக்கு இது திமிரா பணிவா என்று இன்னும் பிடிபடவில்லை.

கிணற்றிலிருந்து தர்காவுக்குப் போகும் சந்தில் இரண்டு பக்கமும் ரோஜாப்பூ, அடக்கத்தின் மேல் போர்த்தும் சாதர், அத்தர், ஊதுபத்திக் கடைகள். செருப்பை இங்கே விடு, பூ இங்கே வாங்கு என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. சித்தியை ஒரு கடைக்காரர் "அம்மாஜி" என்கிறார், எதிர்க்கடைக்காரர் "மாதாஜி" என்கிறார், இருவருக்கும் நடுவில் அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு இப்னு பதூதா ஞாபகம் வந்துவிட்டது. 1330களில் அவர் இன்றைய துருக்கியின் டெனிஸ்லி ஊருக்குள் நுழைந்ததும், கடைகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்து குதிரைக் கடிவாளத்தைப் பிடித்தார்கள். இன்னொரு கூட்டம் வந்து இவர்களோடு சண்டைக்கு நின்றது, சிலர் கத்தியையே உருவிவிட்டார்கள். வழிப்பறிக்காரர்களிடம் மாட்டிக்கொண்டோம் என்று நடுங்கிப்போனார். அரபி தெரிந்த ஒருவர் வந்து விளக்கியபோதுதான் தெரிந்தது, இரண்டு கூட்டமும் அகீகள், விருந்தாளி எங்கள் மடத்தில்தான் தங்க வேண்டும் என்று சண்டை! சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்களாம். அகீகள் என்பது கைத்தொழில் செய்யும் இளைஞர்களின் சங்கம். கண்டிப்பாகச் சொன்னால் தரீக்கா இல்லை, சூஃபிகளின் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளலாம். பகலெல்லாம் உழைத்துச் சம்பாதித்ததைச் சாயங்காலம் தலைவரிடம் கொடுத்துவிட வேண்டும், அதில் பழம், சாப்பாடு வாங்கி ஊருக்கு வந்த பரதேசிக்குப் போட்டுவிட்டு, மிஞ்சினால் இவர்கள் சாப்பிட்டுப் பாட்டுப் பாடிவிட்டுப் படுப்பார்கள். அந்தக் காலத்தில் மொராக்கோவிலிருந்து கிளம்பிய ஒருவர் ஹோட்டல் பில் கட்டாமல் பாதி உலகத்தைச் சுற்றிவந்ததற்கு இந்த மாதிரி மடங்கள் ஒரு பெரிய காரணம். இதைப் பையனிடம் சொன்னேன், நன்றாக இருக்கிறது, அடுத்த முறை சொல்கிறேன் என்று போனில் குறித்துக்கொண்டான். அதனால்தான் அவன் நல்ல பையன் என்றேன்.

தர்காவுக்குள் முதலில் அமீர் குஸ்ரோ அடக்கத்தில் சலாம் சொல்லிவிட்டுத்தான் ஷேக்கிடம் போக வேண்டும் என்பது முறை. குஸ்ரோவைப் பற்றிப் பையன் உருகி உருகிச் சொன்னான், கவ்வாலி, பாட்டு, குரு பக்தி. அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சுல்தான்களுக்குப் புகழ் பாடிச் சம்பளம் வாங்கியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஆள் இன்னும் சுவாரசியமாகியிருப்பார். அரசு வேலையில் இருப்பவரைச் சீடராக ஏற்றுக்கொள்வதில் ஷேக்குக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கிலாஃபத், அதாவது தன் பெயரில் சீடர்களைச் சேர்க்கும் அதிகாரம், அது வேண்டுமென்றால் வேலையையும் நிலத்தையும் விட வேண்டும். காஸி (நீதிபதி) முஹ்யித்தீன் காஷானி அப்படித்தான் தன் நில மானியப் பத்திரத்தை ஷேக் முன்னாலேயே கிழித்துப் போட்டுவிட்டு கிலாஃபத் வாங்கினார். வீட்டில் பட்டினி வந்தது. யாரோ சொல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி அவருக்கு அவத் மாகாணத்தின் காஸி பதவியைக் கொடுக்க முன்வந்தார். காஷானி நேராகப் போய் ஷேக்கிடம் விஷயத்தைச் சொன்னார். உன் மனசில் அந்த நினைப்பு இருந்திருக்கிறது, இல்லையென்றால் அது உன்னைத் தேடி வந்திருக்காது என்று சொல்லி ஷேக் கிலாஃபத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார், ஒரு வருஷம் கழித்துத்தான் மனம் இரங்கினார். பிள்ளைகுட்டிக்காரன் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வான் என்று எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் அந்தக் கண்டிப்பு இருந்ததால்தான் சுல்தான்கள் இவரைப் பார்த்துச் சங்கடப்பட்டார்கள்.

அலாவுதீன் அவரை ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. என் வீட்டுக்கு இரண்டு வாசல், சுல்தான் ஒன்றில் வந்தால் நான் இன்னொன்றில் போய்விடுவேன் என்றாராம் ஷேக். 1320இல் அரியணையைப் பறித்த குஸ்ரோ கான் (கவிஞர் இல்லை, இவர் வேறு) ஆதரவு தேடிப் பெரியவர்களுக்கெல்லாம் பணத்தை வாரி இறைத்தபோது ஷேக்குக்கும் ஐந்து லட்சம் தங்கா நாணயம் வந்தது. சில மாசத்திலேயே ஆள் காலி. புதிதாக வந்த கியாசுதீன் துக்ளக் கஜானாப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். அது ஏழைகளுடைய பணம், ஏழைகளிடம் போய்விட்டது என்று பதில் போனது. கிணற்றுச் சண்டைக்கு இந்தப் பண விவகாரம்தான் அசல் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. எரிகிற தண்ணீரைவிட இது நல்ல கதை, நடையில் இல்லை.

அரசனுக்கு உறுத்தியது பணம் மட்டும் இருக்காது, கூட்டமும்தான். அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரனி இவருடைய சீடர்களில் ஒருவர். பெரிய இடத்து ஆட்கள், கடைத்தெரு ஆட்கள், அடிமைகள், ஆண், பெண், சிறுவர் எல்லோரும் வந்து இவரிடம் கைகொடுத்துப் பாவமன்னிப்புக் கேட்டார்கள் என்கிறார். தில்லி நகரத்திலிருந்து கியாஸ்பூர் வரை வழியெங்கும் ஜனங்களே திண்ணை கட்டி, மேலே கூரை போட்டு, கிணறு வெட்டி, தண்ணீர்ப் பானையும் மண்குவளையும் வைத்து, பாய் விரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளையும் போட்டிருந்தார்களாம், போகிறவர்கள் வழியில் தொழுகை நேரம் வந்தால் கஷ்டப்படக்கூடாது என்று. இதை வாசித்ததும் நம் ஊர்ப் பாதயாத்திரைத் தண்ணீர்ப் பந்தல்தான் கண்ணில் நின்றது. சுல்தான் உத்தரவு போட்டுக் கட்டிய சாலைச் சத்திரம் வேறு, ஜனங்கள் ஒரு பெரியவரைப் பார்க்கப் போகும் வழியில் தாங்களாகக் கட்டிய திண்ணை வேறு. இந்தக் கூட்டத்துக்குத்தான் அரண்மனை பயந்தது.

ஷேக்கின் அடக்க அறைக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. பளிங்கு ஜாலிக்கு (சல்லடைச் சுவருக்கு) வெளியே உட்கார வேண்டியதுதான். சித்திக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பக்கத்தில் ஓர் அம்மா சிவப்பு நூலை ஜாலியில் கட்டிவிட்டு நெற்றியை அதில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள். சித்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தவள், கொஞ்ச நேரத்தில் நூல் ஒன்று வாங்கிவரச் சொன்னாள். இதே நிஜாமுதீன், தில்லியில் வாழ்ந்த பீபி ஃபாத்திமா ஸாம் என்ற பெண் சூஃபியைப் பற்றிப் பேசும்போது, காட்டிலிருந்து சிங்கம் வெளியே வந்தால் அது ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை என்று சொன்னவர். தன் அம்மா பீபி ஸுலைகாவைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர். கெய்ரோவில் 1285இல் சுல்தான் பைபர்ஸின் மகள் பெண்களுக்கென்றே ஒரு மடம் கட்டினார்; கணவனை இழந்தவர்களும் விவாகரத்தானவர்களும் அடுத்த வழி பிறக்கும்வரை அங்கே தங்கலாம், அதை நடத்தியதும் ஒரு பெண் ஷேக்தான். இவ்வளவு இருக்க, கைடு "இங்கே பெண்கள் உள்ளே போகக்கூடாது, அந்தப் பக்கம் போங்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

மதமாற்றம் பற்றிக் குழுவில் ஒருவர் கேட்டார். பையன் "இவர்கள் எல்லோரையும் ஒன்றாகப் பார்த்தார்கள் சார்" என்று பூசி மெழுகினான். கேட்டவர் மனதில் வேறு பதில் இருந்தது, அது அவர் முகத்திலேயே தெரிந்தது. இரண்டுமே அவசர பதில்கள். அமீர் ஹசன் என்ற கவிஞர் 1308 முதல் 1322 வரை ஷேக்கின் சபையில் உட்கார்ந்து கேட்டதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். அதில் ஒரு சீடர் ஓர் இந்துவைக் கூட்டிவந்து, இவர் என் சகோதரர், உங்கள் பார்வை பட்டு இஸ்லாத்துக்கு வரட்டும் என்கிறார். ஷேக் கண் கலங்கி, இவர்கள் மனம் பேச்சால் மாறாது, நல்லவர் ஒருவரின் சகவாசம் கிடைத்தால் ஒருவேளை மாறலாம் என்கிறார். முஸ்லிம்கள் அப்படி வாழவில்லையே என்ற வருத்தம் அதில் இருக்கிறது. மாற்ற வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை, பிரசங்கம் செய்து மாற்றவும் கிளம்பவில்லை. இதை ஒரு வரி மேற்கோளாக்கி டீசட்டையில் போட முடியாது, அதனால் யாருக்கும் உதவுவதில்லை.

கவ்வாலி தொடங்கும்வரை முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது சித்தி நாகூர் பற்றிப் பேச ஆரம்பித்தாள். தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த 131 அடி மினாரா, கடலுக்குப் போகிறவர்கள் வேண்டிக்கொள்வது, உண்டியலில் போடுவது. "இவரு கடலுக்கெல்லாம் உதவுவாராடி?" என்றாள். இவர் கடல் பக்கம் போகவில்லை, ஆனால் அதற்கென்றே ஒரு தரீக்கா இருந்தது சித்தி என்று காஸரூனிகள் கதையைச் சொன்னேன். ஈரானில் காஸரூன் ஊரைச் சேர்ந்த அபூ இஸ்ஹாக் 1033இல் மறைந்தவர். முந்நூறு வருஷம் கழித்து இப்னு பதூதா பார்க்கும்போது இந்தியக் கடல், சீனக் கடல் வியாபாரிகளெல்லாம் புயலோ கொள்ளையரோ வந்தால் அவர் பெயருக்கு நேர்ந்துகொண்டு, எவ்வளவு என்று கையோடு எழுதிவைக்கிறார்கள். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்ததும் மடத்து ஆள் ஏறிவந்து பட்டியலைப் பார்த்து வசூலிக்கிறான். இன்னும் ஒரு படி மேலே: உதவி கேட்டு மடத்துக்கு ஓர் ஏழை வந்தால் ஷேக்கின் முத்திரை குத்திய சீட்டு ஒன்று கொடுப்பார்கள். நேர்ந்துகொண்ட வியாபாரி எங்கே இருக்கிறானோ அங்கே போய்ச் சீட்டைக் காட்டினால் அவன் பணத்தைக் கொடுத்துவிட்டுச் சீட்டின் பின்னால் வரவு எழுதிக்கொள்வான். நம் பழைய வணிகர்கள் உண்டியல் என்று சொன்னது இந்த மாதிரிச் சீட்டைத்தான், இன்று கோயிலிலும் தர்காவிலும் இருக்கும் பெட்டியையும் உண்டியல் என்கிறோம்; காஸரூனிகளிடம் இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. இந்த மடத்துக்குக் கோழிக்கோட்டிலும் கொல்லத்திலும் கிளை, அப்பா அங்கே மகன் இங்கே. "கொல்லத்துலயா!" என்று சித்தி வாயில் கைவைத்தாள். நாகூர் ஆண்டவர் ஷாஹுல் ஹமீது வந்தது அதற்கெல்லாம் வெகு பிறகு, பதினாறாம் நூற்றாண்டில். அவரும் வடக்கே குவாலியர் ஷேக் ஒருவரிடம் பயின்றுவிட்டு வந்தவர் என்பார்கள். கந்தூரி உண்டியலுக்குப் பின்னால் இவ்வளவு நீளமான கப்பல் வழி இருக்கிறது என்று நானும் முதலில் நினைத்ததில்லை.

கவ்வாலி நன்றாக இருந்தது. இரண்டு ஆர்மோனியம், ஒரு டோலக், கைத்தட்டல், கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு. அதைப் பற்றி ஊரே எழுதிவிட்டது, நான் வேறு எழுத வேண்டாம். சிலர் முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுத்தார்கள், எங்கள் குழுவில் இருவர்.

என் மதிப்பெண் 5க்கு 3. படிக்கிணற்றுக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று, எங்களை அந்த முற்றத்தில் அவசரப்படுத்தாமல் உட்கார விட்டதற்கு ஒன்று. போகிறவர்கள் தலைக்குத் துணி எடுத்துப் போங்கள், கழற்றி மாட்ட எளிதான செருப்பு போடுங்கள், ஹெட்செட்டை வாங்கிய உடனே சோதித்துவிடுங்கள். முட்டி வலிக்காரர்கள் கிணற்றுப் படியில் இறங்க வேண்டாம், மேலே நின்றாலே தெரிகிறது. ஹுமாயூன் கல்லறைக்குத் தனியாகப் போகும் நாளில் அந்த சில்லா கானாவை விசாரித்துப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, எல்லோரையும் கபாப் கடைக்கு வேகமாகக் கூட்டிப்போனார்கள். வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் முப்பது நாற்பது பேர் தரையில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள், பேச்சில்லாமல், எல்லோர் கண்ணும் தெருவைப் பார்த்தபடி. சித்தி நின்றுவிட்டாள். என்ன என்று விசாரித்தால், இந்தத் தெருவில் இது வழக்கம். யாராவது வந்து கடைக்காரரிடம் பத்துப் பேருக்கு, இருபது பேருக்கு என்று பணம் கட்டினால் வரிசையில் முன்னால் இருப்பவர்களுக்கு அத்தனை சாப்பாடு போகும். கட்டுகிறவர் யாரென்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது, கேட்பதும் இல்லை. எங்கள் நடை இந்த வரிசையை ஒட்டியே போனது, ஹெட்செட்டில் அதைப் பற்றி ஒன்றும் வரவில்லை, அடுத்த வாரம் நடக்கும் வேறொரு நடைக்கு விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"இதத்தான்டி நான் அப்பலேர்ந்து கேக்குறேன்" என்று சித்தி சுருக்குப் பையை அவிழ்த்தாள். இருபது பேருக்குக் கட்டினாள். கடைக்காரர் இந்தியில் ஏதோ கேட்டார், யார் பெயரில் என்று கேட்கிறார் சித்தி என்றேன். "நாகூர் ஆண்டவர் பேர்லன்னு சொல்லு." நான் "நாகூர்" என்றேன், அவருக்கு "நாகௌர்" என்று கேட்டிருக்க வேண்டும், ராஜஸ்தானா என்றார். நான் மறுக்கவில்லை. பெரிய தட்டில் ரொட்டியும் பருப்பும் போனது, சித்தி இருபதையும் விரல்விட்டு எண்ணினாள். அதற்குள் பையன் மூன்று தடவை போன் பண்ணிவிட்டான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்கள் பங்கு கபாப் தட்டில் ஆறிக் கிடந்தது.